மிதவைக்கு வெளியே

மீன்பிடிக்கத் தடை செய்த பாறைப் பகுதியின் எல்லை மிதவைக்கு வெளியே வலை போட்டோம். இன்றும் வெறும் வலை வந்தால், நாளை ஊர்க்கூட்டத்தில் தடையை எடுத்துவிடுவார்கள். உள்ளே மீன் பெருகினால் வெளியேயும் வரும், தடை வேண்டும் என்று வீடு வீடாகப் பேசியவள் என் மனைவி. பலனைப் பார்க்க அவள் இல்லை.

"இழுங்க மாப்ளே!" என்றார் அவளுடைய அண்ணன். தடையை எதிர்த்துத் தங்கையோடு பேச்சை நிறுத்தியவர்.

வலை அசையவில்லை.

"பாறையில மாட்டிக்கிச்சு மச்சான்."

"பாறை துள்ளுமா? படிச்ச மண்டையே, மீனு!"

படகு சாய்ந்தது. வலை முழுக்க வெள்ளி துடித்தது.

"தடையை எடுக்கணும்னு எவனாவது சொல்லட்டும், கடல்ல தள்ளிடறேன்!" என்று கத்தினார்.

நானும் கத்தினேன். அவள் போனபின் என் குரல் எனக்கே கேட்டது அப்போதுதான்.