விகுதிப் பிழை

"அக்கா, மோசம் எந்தப் பக்கம்? எந்த பஸ்ஸில போறது?"

சாரங்கன் இதைக் கேட்டபோது அவனுக்கு ஐந்து வயது. ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில் நடந்த விபத்தில் அப்பா இறந்து மூன்றாம் நாள். வருகிறவர்களிடமெல்லாம் அம்மா பாலேஸ்வரி, "அவர் மோசம் போட்டார்" என்று சொல்லி அழுதுகொண்டிருந்தார். 'செத்துப்போனார்' என்று சொல்ல வாய் கூசும்போது யாழ்ப்பாணத்துச் சனம் சொல்லும் சொல் அது. 'போய்விட்டார்' என்பது அவர்கள் வாயில் 'போட்டார்' ஆகும். பிள்ளைக்கு அது ஓர் ஊரின் பெயராகக் கேட்டது. பதினொரு வயது உஷாந்தி அழுது களைத்திருந்தாள்.

"155இல ஏறிக் கடைசியில இறங்கு. இப்ப என்னை விடு."

மறுநாள் அவன் வெள்ளவத்தையில் தனியே பஸ் ஏறிவிட்டான். மட்டக்குளியில், கடைசித் தரிப்பில், அழுதுகொண்டு நின்ற பிள்ளையை நடத்துநர் ஒருவர் மாலையில் கொண்டுவந்து விட்டார். ஏன் போனாய் என்று எத்தனையோ பேர் கேட்டும் அவன் வாய் திறக்கவில்லை. காலப்போக்கில் காரணத்தை அவனே மறந்துபோனான். உஷாந்தி மறக்கவில்லை. எவரிடமும் சொல்லவுமில்லை.

முப்பது வயதிலும் பஸ்ஸின் மிதிபலகையில் கால் வைத்தால் அவனுக்கு மூச்சு அடைத்தது. கடைசியில் கொட்டாஞ்சேனையில் கிருஷ்ணராஜ் என்ற உளவளத்துணையாளரிடம் போனான். சிறுவயதில் அகதியாகச் சென்னைக்குப் போய், அங்கேயே படித்து, நாற்பதில் திரும்பி வந்தவர் அவர். உளவியக்க அணுகுமுறை அவருடைய வழி. பிள்ளைப் பருவத்தில் அமுக்கி வைத்தவை பிறகு வேறு உருவத்தில் தலை காட்டும், அவற்றைக் கதைத்துக் கதைத்தே வெளியே எடுக்கலாம் என்பது அந்த வழியின் நம்பிக்கை.

கதைக்கக் கதைக்க மூச்சு இளகியது. ஆறாம் மாதம் சாரங்கன் கொச்சிக்கடை வரை பஸ்ஸில் போய் வந்தான். அன்றைக்கு அம்மா பிள்ளையாருக்கு மோதகம் அவித்தார்.

கேடும் கிருஷ்ணராஜின் அதே அறையில்தான் விளைந்தது. "அப்பா மோசம் போட்டார் எண்டு அம்மா சொல்லிச் சொல்லி அழுவா" என்று அவன் ஒருநாள் சொன்னான். சென்னையில் அந்தச் சொல்லுக்கு ஏமாந்துபோவது என்று பொருள். தகப்பனை ஏமாளி என்று தாய் பிள்ளைக்கு முன்னால் இகழ்ந்திருக்கிறாள் என்று கிருஷ்ணராஜ் விளங்கிக்கொண்டார்.

"உங்க கோபம் அம்மா மேலதான்" என்றார்.

சாரங்கன் இல்லையென்றான்.

"இவ்வளவு அவசரமா இல்லைன்னு சொல்றீங்களே. அதை யோசிங்க."

படித்த மனிதர் சொன்னதை அவன் யோசித்தான். யோசிக்க யோசிக்கக் கோபம் வந்தது. கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துக்கொண்டு போனவன் பதினான்கு மாதம் தாயோடு கதைக்கவில்லை. தை மாதத்தில், அவன் குரலைக் கேட்காமலே, பாலேஸ்வரி கண்ணை மூடினார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து அவன் மறுபடி கிருஷ்ணராஜிடம் போனான். "அம்மாவும் மோசம் போட்டா" என்றான்.

"யார்கிட்ட ஏமாந்தாங்க?" என்று அவர் கேட்டார்.

அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது.

தம்பி வந்து இதைச் சொன்ன நாளிலிருந்து உஷாந்திக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, நீதிமன்றக் கடதாசி என்று அவள் கைபட்டுப் போன ஒன்றும் பிழையென்று திரும்பி வந்ததில்லை. ஒரு சொல்லின் பொருளைக் கேட்காத மனிதனால் ஒரு தாய் அப்படிச் செத்துப்போனாள் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"விடு அக்கா. நானெண்டாலும் அம்மாவைக் கேட்டிருக்கலாம்" என்றான் சாரங்கன்.

"நீ விடு. நான் விடமாட்டன். அந்தாள் இனி ஒருத்தற்ற வாயையும் கிளறக்கூடாது."

வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாருக்கு முன்னால் நின்று, அந்த மனிதன் அறையைப் பூட்டிவிட்டுத் தெருவில் நிற்கவேண்டும் என்று கேட்டாள். பிள்ளையாரிடம் எதையும் கேட்கலாம். எதைக் கொடுப்பது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

உளவளத்துணையாளர் சங்கத்துக்கு மூன்று பக்க முறைப்பாடு எழுதினாள். ஒன்பது தடவை வாசித்தாள். தபாலில் போடுமுன் அதை எடுத்துக்கொண்டு நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனாள்.

"வாங்கம்மா, உட்காருங்க."

"இருக்க வரேல்ல. நான் சாரங்கன்ர அக்கா. இது போக முந்தி நீங்கள் வாசிக்கவேணும். வாசிக்கேக்க உங்கட முகத்தை நான் பாக்கவேணும்."

கிருஷ்ணராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். அவளால் பொறுத்திருக்க முடியவில்லை.

"வலு வசதியான படிப்பு உங்கட படிப்பு. ஓம் எண்டாலும் நீங்கள் சொன்னது சரி, இல்லை எண்டாலும் சரி. பிள்ளையாருக்குக்கூட அந்த வசதி இல்லை. ரெண்டு நிறப் பூவைப் பொதிஞ்சு போட்டுக் கேட்டா அவருக்கும் சில நேரம் நினைச்ச பூ வராமல் மற்றப் பூத்தான் வரும்."

"உண்மைதான் அம்மா. நாங்க சொல்றது பிழைன்னு காட்ட ஒரு வழியே வைக்கிறதில்ல. எங்க முறையில பெரிய ஓட்டை அது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்க எனக்கு என்ன வெட்கம்? கேட்டிருக்கணும்."

"அப்ப எறிஞ்சுபோட்டு வேற வேலை பாருங்கோவன்."

"எறிய மனசு வரல. தம்பி பஸ் ஏறினதும் இந்த நாற்காலியில இருந்து எழும்பிப் போய்த்தான். ஆனா அஞ்சு வயசுல அவர் ஏன் தனியா அந்த பஸ்ல ஏறினார்ங்கிறது மட்டும் எங்களுக்குக் கிடைக்கவே இல்ல."

"மிச்சத்தை வாசியுங்கோ" என்று உஷாந்தி கடிதத்தைக் காட்டினாள்.

அவர் திரும்பவும் வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது. அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கடிதத்தையும் ஒரு பேனையையும் அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

"இந்த வரியில ஓர் எழுத்துப் பிழை இருக்கு. திருத்திட்டு அனுப்புங்க. இல்லைன்னா உங்க முறைப்பாடு பலவீனமாயிடும்."

குனிந்து பார்த்தாள். 'என் தம்பியைத் தாயிடமிருந்து பிரித்தேன்' என்று இருந்தது. 'பிரித்தார்' என்று இருக்கவேண்டிய இடம்.

இப்படி ஒரு வாய்தவறல், கைதவறல்தான் உள்ளே கிடப்பதைக் காட்டிக்கொடுக்கும் என்பது கிருஷ்ணராஜின் படிப்பு. தன்னை அழிக்க வந்தவளின் கையாலேயே அது எழுதப்பட்டிருந்தது. 'ஏன் அப்படி எழுதினீர்கள்?' என்று ஒரு கேள்வி போதும், அவள் அந்த இடத்திலேயே உடைந்திருப்பாள். அவர் கேட்கவில்லை. அவள் தனியே திருத்தட்டும் என்று எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

அவள் பேனையைத் தொடவில்லை. கடிதத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பழிவாங்க வந்தவளுக்கு ஏச்சுக் கிடைத்திருந்தால் பழி இன்னும் வளர்ந்திருக்கும். அவளுக்கு மரியாதை கிடைத்துவிட்டது. அதை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

நேரே தம்பியின் அறைக்குப் போனாள்.

"155இல ஏறச் சொன்னது நான்தான். நீ மோசம் எங்க எண்டு கேட்டனீ. கரைச்சல் தாங்கேலாமல் சொன்னனான்."

சாரங்கன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"இருபத்தெட்டு வருசம், அக்கா."

"ஓம்."

"அம்மாவுக்கும் தெரியாதோ?"

"தெரியாது. நான் அண்டைக்கே சொல்லியிருந்தா நீ கிருஷ்ணராஜிட்டயே போயிருக்கமாட்டாய்."

அவள் கடிதத்தைக் கட்டிலில் வைத்தாள். "இது உன்ர. அனுப்பிறதும் கிழிக்கிறதும் நீதான்."

"வை. கொஞ்ச நாளைக்கு என்னோட கதைக்காத."

"சரியடா" என்றாள். அந்தத் தண்டனை நியாயமானது என்று பட்டது.

அந்தக் கிழமை முழுவதும் வேலை முடிந்தபின் அலுவலகத்தில் இருந்து எழுதினாள். அந்தரம் என்றால் இங்கே ஆகாயமல்ல, மனத் தவிப்பு. கரைச்சல் என்றால் தொல்லை. 'வில்லங்கமாய்ச் சாப்பிடவைச்சவை' என்றால் வற்புறுத்தி என்று பொருள். துன்பப்பட்ட யாழ்ப்பாணத்து மனிதர் வாயில் வரக்கூடிய, சென்னையில் படித்த காது பிழையாகக் கேட்கக்கூடிய சொற்கள் நூற்றுப் பதினேழு சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் பொருளும் ஒரு வசனமும் எழுதினாள். கையொப்பமும் முத்திரையும் இல்லாமல் அவள் வெளியே கொடுத்த முதல் தாள்கள் அவை.

பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் கிருஷ்ணராஜின் அறை இருந்த கட்டடத்தில் எல்லாக் கதவும் பூட்டியிருந்தது. உஷாந்தி அவர் அறை வாசலில் முழந்தாளிட்டுத் தாள்களைக் கதவின் கீழால் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கடைசித் தாள் இடையில் சிக்கியது. விரலால் மெல்ல உள்ளே விட்டுவிட்டு எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு படியிறங்கினாள்.