பதினேழாம் நம்பர் கிளிப்

மூன்று வருடம் கட்டிய விமானம் தரையில் குத்தி நொறுங்கிய சத்தம் அடங்குவதற்குள் வக்கீல் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"கை நடுங்கிடுச்சு சார் உங்களுக்கு. வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

பல்செட்டுக்காரர் ரிமோட் கழுத்தில் தொங்க, அதன் நீண்ட ஏரியல் முன்னால் ஆட, மைதானத்தின் குறுக்கே நடந்தார். இறக்கை நடுவில் முறிந்து கிடந்தது. எஞ்சின் மண்ணுக்குள் புதைந்திருந்தது. வால் பகுதி மட்டும், எதுவுமே நடக்காதது போல, நிமிர்ந்து நின்றது.

அந்த விமானத்துக்கு, ரிமோட் விமானம் விடுபவர்களின் கிளப்பில் வைத்த பெயர் கிழவி. அதன் வரைபடம் அங்கிருந்த பெரும்பாலோரைவிட வயதில் மூத்தது. பால்சா மரத்தைப் பிளேடால் அறுத்து, எலும்பு எலும்பாக ஒட்டி, பட்டுத்துணி போர்த்தி, அதன் மேல் மூக்கைத் துளைக்கும் டோப் பூச்சைக் கோட்டு மேல் கோட்டாக அடித்து முடித்திருந்தார். அவர் மனைவி அந்த மூன்று வருடமும் சமையலறை ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள். அந்த ஞாயிறுதான் அதன் முதல் பறப்பு. கிழவி மேலே போய் இரண்டு வட்டம் அடித்தது வரை எந்தக் குறையும் இல்லை. இறங்குவதற்காகக் கார்கள் நிற்கும் பக்கம் தாழ்ந்து வந்தபோதுதான் அந்த உதறல்.

"அதுவா உதறிச்சு," என்றார் பல்செட்டுக்காரர். "நான் ரிமோட் குச்சியைத் தொடவே இல்ல."

"என் கட்சிக்காரங்களும் இதைத்தான் சார் சொல்வாங்க. கத்தி அதுவாத்தான் குத்துச்சாம்."

எல்லோரும் சிரித்தார்கள். கார்ப் பக்கமிருந்து பல்செட்டுக்காரரின் தம்பி ஓடி வந்தான். டயர் கடை வைத்திருப்பவன், மூச்சு வாங்கியது. குனிந்து இறக்கைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னான்: "விடுண்ணா. காலையில உன் டீ டம்ளரே ஆடுச்சு. நானே பார்த்தேன்."

அது உண்மை. ஒரு வருடமாகக் காலையில் டம்ளர் ஆடத்தான் செய்கிறது. ஆனால் கையில் கருவி ஏறிவிட்டால் நடுக்கம் நின்றுவிடும். மெழுகில் பல் செதுக்கும்போது ஒரு நாளும் பிசகியதில்லை. வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து அவர் கட்டிய பல்செட்டுகளால் ஊரில் பாதிப் பேர் மெல்லுகிறார்கள்.

திங்கட்கிழமை பல் டாக்டரிடமிருந்து அச்சுகள் வரும் பெட்டி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அவரே போன் செய்தார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்," என்றார் டாக்டரம்மா. குரலில் நோயாளிகளிடம் காட்டும் கனிவு. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க. வேலையை வேற இடத்துக்குக் குடுத்திருக்கேன். உங்க தம்பி நேத்து காலையிலயே பல்லு அடைக்க வந்தாரு. உங்களை நினைச்சு ரொம்ப வருத்தப்பட்டாரு. ப்ளேன்கூட விழுந்துடுச்சாமே?"

போனை வைத்துவிட்டு அவர் நேராகக் கிழவியின் மிச்சங்களை மேசையில் கொட்டினார். தம்பி வாய் நிறையப் பஞ்சு வைத்துக்கொண்டு பேசியிருக்கிறான். கடைவாயை அடைக்கப் போனவன் அண்ணன் வாயில் மண்ணைப் போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

ரிசீவர், பேட்டரி, வாலை அசைக்கும் சின்ன மோட்டார் எல்லாவற்றையும் துடைத்து இணைத்தார். ரிமோட்டைத் தட்டியதும் வால் துடுப்பு சொன்னபடி கேட்டது. இடது, வலது, நடு. ஒரு மணி நேரம் ஓடவிட்டும் ஒரு பிசகு இல்லை. பொருளில் கோளாறு இல்லை. அப்படியானால் கைதான். அந்த முடிவுக்கு வந்தபோது எதிரே இருந்த பிளாஸ்டர் அச்சை எடுத்துச் சுவரில் அடித்தார்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "யாரோட பல்லு அது?"

"யாரோடதோ."

"உங்க தம்பியோடதா இருந்தா இன்னொண்ணும் உடைங்க." துடைப்பத்தை எடுத்து வெள்ளைத் தூளைக் கூட்டினாள். கூட்டியபடியே மேசையைப் பார்த்தாள். "இந்த ரிமோட் பெட்டிதானே அவரும் வச்சிருக்காரு? அன்னைக்கு மைதானத்துல அவரு கார்ல உட்கார்ந்து நோண்டிட்டு இருந்தாரே. நான் ஃப்ளாஸ்க் எடுக்கப் போனப்ப."

"நோண்டிட்டுன்னா?"

"சுவிட்சைத் தட்டினாரு. உள்ள ஒரு முள்ளு, தராசு முள்ளு மாதிரி, எழும்பி நின்னுச்சு. அப்பத்தான் நீங்கள்லாம் கத்துனீங்க. அவரு அதைச் சீட்டுக்கு அடியில தள்ளிட்டு ஓடுனாரு."

அவர் எழுந்து நின்றார். "இதை ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? மூணு நாளா சுவத்துக்கிட்டதானே பேசுறீங்க."

மைதானத்துத் தகரக் கொட்டகையில் ஒரு பலகை உண்டு. அதில் துணி காயப்போடும் கிளிப்புகள் வரிசையாகக் குத்தியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சேனல் நம்பர். பழைய ரிமோட்டுகள் தங்களுக்கென்று உள்ள ஒரே சேனலில்தான் பேசும். ஒரே சேனலில் இரண்டு பேர் பேசினால் விமானம் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் உதறும். ஆகவே சட்டம் எளிது: கிளிப் யார் ஏரியலில் இருக்கிறதோ அவர் மட்டுமே சுவிட்சைத் தொடலாம். புது ரிமோட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. தங்கள் இடத்தை அவையே தேடிக்கொள்ளும். கிளப்பில் எல்லோரும் மாறிவிட்டார்கள். பலகை தூசி படிந்துவிட்டது. பதினேழாம் நம்பர் கிளிப் மட்டும் இன்னும் பளபளப்பாக இருந்தது. அண்ணனும் தம்பியும் இளவயதில் ஜோடியாக வாங்கிய இரண்டு ரிமோட்டுகளுக்கும் அதே நம்பர். ஒருவன் பறக்கவிடும்போது இன்னொருவன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று வேண்டுமென்றேதான் அப்படி வாங்கினார்கள்.

கிழவி விழுந்தபோது கிளிப் அண்ணனின் ஏரியலில் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் பஸ்ஸில் போனார். மடியில் கிழவியின் வால். பக்கத்தில் மனைவி, கையில் ஃப்ளாஸ்க். கொட்டகையில் வக்கீல் நாற்காலி போட்டு வைத்திருந்தார்.

"வாங்க சார். கமிட்டியில பேசினோம். இனிமே நீங்க எங்களுக்கு ஆலோசகர். நிழல்ல உட்கார்ந்து வழிகாட்டினா போதும்."

"சந்தோஷம். முதல் ஆலோசனை சொல்றேன். எல்லாரும் இந்த மேசைக்கு வாங்க."

வாலை மேசைமேல் வைத்தார். கிளிப்பை எடுத்துத் தன் ஏரியலில் மாட்டி, சுவிட்சைத் தட்டி, ரிமோட்டை வக்கீலின் கையில் கொடுத்துவிட்டு விலகி நின்றார். வால் துடுப்பு அசையாமல் நின்றது. தம்பி தன் மஞ்சள் விமானத்துக்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தான். ஆமணக்கெண்ணெய் வாடை காற்றில் வந்தது.

"டேய். கார்ல போய் உட்காரு. உன் ரிமோட்ல பேட்டரி இருக்கான்னு பாரு."

"எதுக்குண்ணா? நேத்துதான் சார்ஜ் போட்டேன்."

"பாருடா. போன வாரம் பார்த்த மாதிரியே பாரு."

தம்பியின் கையிலிருந்த ரப்பர் குழாய் நழுவி எரிபொருள் புல்லில் வழிந்தது. அவன் அண்ணியைப் பார்த்தான். அவள் ஃப்ளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு காருக்குள் போய் உட்கார்ந்தான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சில நொடிகள் ஒன்றும் நடக்கவில்லை.

துடுப்பு இடப்பக்கம் அடித்தது. வலப்பக்கம் அடித்தது. காதைப் பிடித்துத் திருகியது போல மேசைமேல் வால் முழுவதும் துள்ளியது. வக்கீல் தன் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் பண்ணலையே!"

"நானும் இதைத்தான் சார் சொன்னேன். நீங்க கத்திக் கதை சொன்னீங்க."

தம்பி தன் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தான். "ஒரு நிமிஷந்தாண்ணா போட்டேன். ஏரியலைக்கூட இழுக்கல. உள்ளயே இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். சொல்லலாம்னுதான் ஓடி வந்தேன். அதுக்குள்ள வக்கீல் சார் கை நடுக்கம்னு சொல்லிட்டாரு. நானும்..."

"நீயும் ஒத்து ஊதிட்ட."

"பயந்துட்டேண்ணா."

"பயந்தவன் வாயை மூடிக்கிட்டுப் போவான். நீ வாயைத் திறந்து காட்டி, டாக்டரம்மா சேர்ல சாய்ஞ்சுக்கிட்டு என் பொழப்பைப் பேசியிருக்க. விமானம் போனா போகுது, இன்னொண்ணு கட்டுவேன். எந்தக் கையால கட்டுறதுன்னு நினைச்ச? அந்தக் கையையே வித்துட்டு வந்து நிக்கிறியேடா!" அவர் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. "போனை எடு. இப்பவே. எல்லாருக்கும் கேக்குற மாதிரி போடு."

தம்பி போட்டான். "டாக்டர், அண்ணன் கையைப் பத்தி நான் சொன்னது தப்பு. கை நல்லாத்தான் இருக்கு. விமானத்தை விழவச்சது நான்."

மறுமுனையில் அதே கனிவு: "புரியுதுங்க. அண்ணனுக்காகப் பழியையே தலையில போட்டுக்கறீங்க. இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைக்கும்?"

லைன் துண்டிக்கப்பட்டது. வக்கீல் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன பொய்யைத் திரும்ப வாங்க முடியவில்லை. அது தம்பிக்கு நற்சான்றிதழாக வேறு ஆகிவிட்டது.

பல்செட்டுக்காரர் வக்கீலிடமிருந்து தன் ரிமோட்டை வாங்கி அணைத்தார். ஏரியலிலிருந்த கிளிப்பை உருவிப் பல்லில் கடித்துக்கொண்டு, ரிமோட்டை மனைவியிடம் கொடுத்தார். தம்பியின் ரிமோட்டைப் பிடுங்கி, ஏரியலைக் கடைசி வரை இழுத்து, அதில் கிளிப்பை மாட்டினார்.

"எஞ்சினைக் கிளப்பு," என்றார் தம்பியிடம். வக்கீல் பக்கம் திரும்பினார். "நீங்க போனை எடுங்க. என் மூஞ்சி வேணாம், விமானமும் வேணாம். கையை மட்டும் எடுங்க."

மஞ்சள் விமானம் எழும்பியது. எல்லோரும் அண்ணாந்து பார்க்க, வக்கீல் மட்டும் குனிந்து இரண்டு கட்டைவிரல்களைப் படமெடுத்தார். அவை நெற்றுக்குள் விதை நகர்வதுபோல் அளவாக நகர்ந்தன. தலைக்கு மேல் எஞ்சின் உறுமி விலகி, சுற்றி, கார்களின் பக்கமாகத் தாழ்ந்து, புல்லை உரசி நின்றது. விரல்கள் அசையாமல் இருந்தன.

"டாக்டரம்மாவுக்கு அனுப்புங்க. அனுப்பும்போது உங்க பேரையும் போடுங்க. கை நடுக்கம்னு முதல்ல சொன்னது நீங்கதான்."

யாரோ கைதட்டத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தம்பி விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"அண்ணா, கிளிப்பு..."

அவர் கிளிப்பை உருவித் தன் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். "இது எங்கிட்டதான் இருக்கும். பறக்கவிடணும்னா வீட்டுக்கு வந்து கேளு. குடுக்கறதா வேணாமான்னு நான் அப்ப சொல்றேன்."

கோபம் இப்போதுதான் கைக்கு இறங்கியது. விரல்கள் படபடத்தன. மனைவி அதைக் கவனித்தாள். வக்கீலின் கையிலிருந்த போன் அணைந்து பைக்குள் போகும்வரை காத்திருந்து, பிறகு ஃப்ளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றி நீட்டினாள். டம்ளரில் பாதிதான் இருந்தது.