கடைமடைக்கு வந்த சம்பந்தி

பேத்தி என் பேத்தி. என் மகன் பரணிதரனுக்கு ஒரே பெண். அப்படியிருக்க, அவள் ஆடிப்பெருக்கை எங்கே கும்பிடுவது என்று முடிவு செய்ய என் சம்பந்தி தியாகராசன் யார்? கேட்டால், அவருக்கும் பேத்திதானாம். இருக்கட்டுமே!

தமிழ்நிலாவுக்கு ஏழு வயது. தோகாவில் படிக்கிறாள். லீவுக்கு அம்மாவோடு வந்தவள், ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாளே விமானம் ஏறிவிடுவாள். விவரம் தெரிந்து அவள் ஊரில் இருக்கும் முதல் ஆடிப்பெருக்கு இது. நானே உட்கார்ந்து அவளுக்கு ஒரு சப்பரம் செய்திருந்தேன். கீழே மரச்சக்கரம், மேலே மூங்கில் பட்டையில் கோபுரம், வண்ணத்தாள், உள்ளே அம்மன் படம். பெருக்கு அன்று பிள்ளைகள் அதைக் கயிறு கட்டி ஆற்றங்கரை வரைக்கும் இழுத்துக்கொண்டு போவார்கள். போய்ச் சேர்கிற இடத்தில் தண்ணீர் இருக்க வேண்டும், அங்கேதான் வம்பு.

சம்பந்திக்குத் திருவையாறு. வாசலைத் தாண்டினால் காவிரி. எங்களுக்குப் பேராவூரணிக்குப் பக்கத்தில் கடைமடை. கல்லணையில் திறந்த தண்ணீர் எல்லா ஊர் வயலையும் நனைத்துவிட்டு, மிச்சம் மீதி இருந்தால் எங்களை எட்டிப் பார்க்கும்.

"படித்துறையில மேல் படிதான் தெரியுது சம்பந்தி, அவ்வளவு தண்ணி. புள்ளய இங்க அனுப்பிடுங்க. காஞ்ச வாய்க்கால்ல என்னத்தக் கும்பிடப் போறா?" என்று போனில் சொன்னார்.

காய்ந்த வாய்க்காலாம்! எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஆடிப் பதினெட்டு காலையில நேர்ல வாங்க. அப்பவும் தண்ணி வரலைன்னா நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?" என்றாள் என் மனைவி சாவித்திரி. "மோட்டார் தண்ணியில கும்பிட்டுக்கறோம்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு."

மோட்டார் கொட்டகைக் குழாயடியிலா? என் பேத்தியா? நடக்காது.

பதினெட்டும் விடிந்தது. வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சம்பந்தி சலவை வேட்டியும் சந்தனப் பொட்டுமாகக் காரில் வந்து இறங்கினார். இட்லி சாப்பிட்டார். சட்னி நன்றாக இருக்கிறது என்றார். வாய்க்காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மருமகள் பிள்ளையின் துணிகளைப் பையில் வைத்தாள். நிலா சப்பரத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இதையும் கார்ல வைக்கலாமா தாத்தா?" என்றாள். சரி என்று தலையாட்டினேன். வாங்கிக் கட்டிக்கொண்டது நான்தானே, யாரைக் குறை சொல்ல?

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மேற்கே எங்களுக்கு அடுத்த வயல்காரன் ராஜராஜன்.

"மாமா, தண்ணி வந்துருச்சு! எங்க வயலத் தாண்டிருச்சு! ஆனா ரோட்டுப் பாலத்துக் குழாய் அடைச்சுக்கிட்டு நிக்குது. விட்டா பக்கத்துப் பள்ளத்துல எறங்கிரும். சீக்கிரம் வாங்க!"

செருப்பைக்கூடத் தேடவில்லை, ஓடினேன். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ. பின்னால் யாரோ இரைக்க இரைக்க வருகிறார்களே என்று திரும்பினால், சம்பந்தி!

"நீங்க எதுக்குங்க வர்றீங்க?"

"பேசாம ஓடுங்க சம்பந்தி!"

பாலத்துக்கு மேற்கே தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழன்று சுழன்று ஏறிக்கொண்டிருந்தது. காற்றில் விழுந்த தென்னை மட்டைகள் குழாய் வாயில் குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கியிருந்தன. நான் இறங்கினேன். தொப்பென்று ஒரு சத்தம். சலவை வேட்டியோடு அவரும் இறங்கிவிட்டார்.

"வேட்டி போயிரும்ங்க!"

"போனா போவுது, இழுங்க!"

ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். மட்டை அசையவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே மறுபடி இழுத்தேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்ததில் இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்துவிட்டோம். குழாய்க்குள் தண்ணீர் கடகடவென்று பாய்ந்தது. அடடா, அந்தச் சத்தம்!

விழுந்தடித்துக் கரையேறி, பாலத்தின் மறுபக்கம் போய் நின்றோம். காய்ந்த தரையில் தண்ணீர் மெதுவாக நகர்ந்து வந்தது. முன்னால் நுரையும் சருகும். ஒவ்வொரு வெடிப்பிலும் களக் களக்கென்று இறங்கி, நிரம்பி, அடுத்த வெடிப்புக்குப் போனது. பூச்சிகள் பதறிக்கொண்டு வெளியே வர, மைனாக்கள் தத்தித் தத்திப் பொறுக்கின.

சம்பந்தி வாயைத் திறந்தபடி நின்றார்.

"என்னங்க?" என்றேன்.

"எங்க ஊர்ல ஒரு நாள் காலையில எந்திரிச்சுப் பார்த்தா ஆறு நெறய ஓடும். அவ்வளவுதான். தண்ணி வர்றத நான் பார்த்ததே இல்ல சம்பந்தி. இந்த வயசு வரைக்கும் பார்த்ததே இல்ல."

அதற்குள் சாவித்திரியும் மருமகளும் கரை வழியாக வந்துவிட்டார்கள். நிலா சப்பரத்தை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடி வந்தாள். தண்ணீரைப் பார்த்ததும் கத்தினாள் பாருங்கள், மைனாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. சப்பரத்தைக் கிழக்கே திருப்பித் தண்ணீர் போகும் பக்கமாக இழுத்தாள். அவள் நடையும் தண்ணீர் நடையும் ஒன்றாக இருந்தன.

"ஐயோ, இது என்கூடவே வருது!"

எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காய்ந்த வாய்க்கால் என்றீர்களே என்று சம்பந்தியிடம் கேட்க ஆசை ஆசையாகத் திரும்பினேன். அவர் சேற்றுக் கையோடு போனைக் காதில் வைத்திருந்தார். திருவையாற்றில் பேத்திக்காகக் காத்திருக்கும் தன் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்ல, புள்ளய அழைச்சிட்டு வரல. கார அனுப்புறேன், செஞ்ச சாதத்தையெல்லாம் கட்டி எடுத்துக்கிட்டு நீ இங்க வா. இரு, கேளு. காவேரி அங்கயேதான் இருக்கும், நாளைக்குப் பார்த்துக்கலாம். இங்க இப்பத்தான் வந்துக்கிட்டிருக்கு!"