முன்கூட்டிச் சொல்லும் இரத்தம்

குடலில் சத்திரசிகிச்சை செய்த பிள்ளைக்குக் கிருமித் தொற்று வருமா என்பதை இரத்தமே முன்கூட்டிச் சொல்லிவிடும் என்று டொக்டர் துசியந்தன் எங்கள் வாட்டில் வகுப்பெடுத்தார். சொல்லும்தான். ஆனால் அதைப் பரிசோதிக்கிற இயந்திரம் எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை. ஆகவே ஐந்து வயது நிதர்சனாவுக்குச் சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள், அவளுடைய இரத்தம் ஐஸ் பெட்டியில் ஏறிக் கொழும்புக்குப் போனது. தாதியாக இத்தனை வருடம் வேலை செய்யும் எனக்குக்கூட அப்படிக் குளுகுளுப் பயணம் கிடைத்ததில்லை.

அன்று பின்னேரம் நிதர்சனாவின் தாய் கலிஸ்ரா பிள்ளையின் வயிற்றுக் கட்டுக்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோனார். முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன் விற்பவர் அவர்.

"மிஸ்ஸி, புண் பழுதாகுது. மணக்குது."

"அம்மா, இது மீன் சந்தை இல்லை. றிப்போட் வரட்டும்," என்றேன். படித்தவள் அல்லவா நான்!

றிப்போட் ஐந்தாம் நாள் வந்தது. அதற்கிடையில் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியது, தையல் பிரிந்து சீழ் வடிந்தது, மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டியும் வந்தது. தாளில், 'தொற்று ஏற்படும் அபாயம் அதிகம்' என்று இருந்தது.

"பாத்தியளோ மிஸ்ஸி, அச்சொட்டாச் சொல்லியிருக்கு!" டொக்டர் பூரித்துப்போனார். ஆராய்ச்சிப் படிவத்தில் 'முன்கூட்டியே கண்டறியப்பட்டது' என்ற இடத்தில் சரி போட்டார்.

இன்று, நேற்றுச் சத்திரசிகிச்சை முடிந்த பக்கத்துக் கட்டில் பிள்ளையின் இரத்தத்தையும் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தேன். டொக்டர் வெளியே போகும்வரை காத்திருந்து கலிஸ்ராவிடம் போனேன்.

"அக்கா, இந்தப் பிள்ளையின்ர வயித்துக் கட்டையும் ஒருக்கா மணந்து பாருங்கோ."