எதுக்கும் ஒரு ஸ்கேன்

எங்கள் மருத்துவமனையின் குழந்தைகள் அவசரப் பிரிவில் என்னோடு வேலை பார்க்கும் டாக்டருக்கு 'எதுக்கும்' என்று பெயர் வைத்தவளே நான்தான். கட்டிலிலிருந்து உருண்ட குழந்தை, கதவில் முட்டிக்கொண்ட குழந்தை, யார் நெற்றியில் புடைப்போடு வந்தாலும், "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்திடலாம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதைப் பற்றி ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கவனித்துச் செய்த ஆய்வுகள் இருக்கின்றன. குழந்தை தெளிவாக இருந்து, மயக்கம் போடாமல், பெரிய உயரத்திலிருந்து விழாமல் இருந்தால், மண்டைக்குள் ஆபத்தான காயம் இருப்பது அபூர்வம். ஸ்கேனின் கதிர்வீச்சோ பிஞ்சு உடம்புக்கு நல்லதில்லை. சின்னச் சந்தேகம் இருந்தால் சில மணி நேரம் வைத்துக் கவனித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். இதைச் சொல்லிச் சொல்லி அவரோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். கடைசியில் அந்தக் கட்டுரைகளை வாங்கிக்கொண்டு போனவர், படித்துவிட்டு வந்து, "சரிதாம்மா" என்று ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டார்.

ஜன்னலோரக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு நாற்காலியைப் போட்டோம். குழந்தையை நன்றாகத் தெரிந்த ஒருவர் அதில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் அவ்வப்போது வந்து சோதிப்போம். நர்ஸுகள் அதற்குக் காவல் நாற்காலி என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று மத்தியானம் தங்கச்சி போன் செய்தாள்.

"அக்கா, வாலு சோபாவிலேர்ந்து குதிச்சு டீப்பாய்ல இடிச்சுக்கிட்டா. நெத்தி எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கிடுச்சு."

வாலு அவளுடைய மகள். நாலு வயது ஆகப் போகிறது, ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்க மாட்டாள்.

"மயக்கம் போட்டாளா?"

"அதெல்லாம் இல்ல. தெருவே கேக்குற மாதிரி அழுதா."

"உடனே தூக்கிட்டு வா. வழியில தூங்க மட்டும் விட்டுடாதே."

போக்குவரத்து நெரிசலில் மாட்டி அவள் வந்து சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தோளில் சாய்ந்திருந்த குழந்தையின் தலை துவண்டு கிடந்தது. சட்டையில் புளித்த வாடை.

"ஒரு தடவ வாந்தி எடுத்துட்டா அக்கா" என்றாள்.

"வாலு, இங்க பாரு." கண்கள் பாதி திறந்து மறுபடி செருகின. தங்கச்சியின் பிரசவத்தன்று இந்தக் குழந்தையை முதலில் கையில் வாங்கியவள் நான். படித்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்திடலாம்" என்று கத்தினேன்.

பிரிவே திரும்பிப் பார்த்தது. எதுக்கும் டாக்டர் எழுந்து வந்தார். அவர் சிரிக்கவில்லை, அதற்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. இப்ப நீங்க டாக்டர் இல்ல, பெரியம்மா."

புடைப்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்ததும் வாலு அவர் வயிற்றில் ஓர் உதை விட்டாள்.

"உன் பேரு என்ன?"

"சொல்ல மாட்டேன்."

"இது யாரு?"

"அம்மா. லைட்ட அணை."

வயிற்றைத் தடவிக்கொண்டே தங்கச்சியிடம் திரும்பினார். "தினமும் மத்தியானம் தூங்குவாளா?"

"சாப்பிட்டதும் தூங்கிடுவா டாக்டர். இன்னைக்குத்தான் தூங்க விடல. கண்ண மூடுறப்பெல்லாம் உலுக்கி உலுக்கி எழுப்பினேன். முழிச்சிருக்கணுமேன்னு பிஸ்கட்டா குடுத்துட்டே வந்தேன். முழு பாக்கெட்டும் காலி."

"தூங்க விடாதேன்னு யாரு சொன்னது?"

தங்கச்சி முகவாய்க்கட்டையால் என்னைக் காட்டினாள்.

நான் அங்கேயே குறுகிப் போனேன். வாராவாரம் பெற்றோர்களை உட்காரவைத்து, "தூங்கினா தூங்கட்டும், எழுப்பினா சரியா எழுந்திரிக்கிறாளான்னு பாருங்க, போதும்" என்று பாடம் எடுப்பவள் நான். பதறியதும் என் வாயிலிருந்து வந்தது எந்தக் காலத்துப் பேச்சோ.

"ஆனா வாந்தி?" என்றேன், விடாமல்.

"ஒரு தடவதானே, அதுவும் ஒரு பாக்கெட் பிஸ்கட் தின்ன வயிறு. இருந்தாலும் அதுக்காகத்தான் வீட்டுக்கு அனுப்பாம வச்சுப் பார்க்கிறோம். இப்ப தூங்கட்டும், நடுநடுவுல எழுப்புவோம். சரியா எழுந்திரிக்கல, இல்ல மறுபடி வாந்தி எடுத்தா, நானே தூக்கிட்டு ஸ்கேனுக்கு ஓடுறேன். உங்க நாற்காலி காலியாத்தான் இருக்கு. உக்காருங்க."

உட்கார்ந்தேன். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, அசைந்தால் ஆடியது. எத்தனை தாய்மாரை இதில் உட்காரவைத்து, "சும்மா பாத்துக்கிட்டே இருங்கம்மா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். சும்மா பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்குவதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மூச்சு கொஞ்சம் மெதுவானாலும் குனிந்து காதை வைத்துக் கேட்டேன்.

"இனிமே நீ சொல்ற எதையும் கேக்கப் போறதில்ல" என்றாள் தங்கச்சி, கட்டிலின் கால்மாட்டிலிருந்து. சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

முதல் முறை அவர் எழுப்பியபோது வாலு சிணுங்கி, அவர் கையைத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். "நல்ல கோபம்" என்று திருப்தியாகச் சொன்னார். ஜன்னல் வெயில் சுவரேறிப் போன பிறகு மறுபடி வந்து கன்னத்தைத் தட்டினார். இந்தத் தடவை அவள் கண்ணை அகலத் திறந்து, எழுந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். குடித்தது வயிற்றில் தங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தோம். கட்டிலில் குதிக்கத் தொடங்கிவிட்டாள்.

"சரி, வீட்டுக்குப் போகலாம்" என்றார். "இது யாருன்னு மட்டும் சொல்லு."

"பெரியம்மா."

எனக்கு அழுகை பொங்கிவிட்டது. எத்தனையோ குழந்தைகளின் பெற்றோர் முன்னால் கல் மாதிரி நின்றவள், குலுங்கிக் குலுங்கி அழுதேன். அவ்வளவு நிம்மதி.

"இவங்களயும் கொஞ்ச நேரம் வச்சுப் பாத்துட்டு அனுப்பலாம்" என்றார் எதுக்கும் டாக்டர்.

வாலு குதிப்பதை நிறுத்தினாள். கிட்டே வந்து, என் நெற்றியைத் தடவித் தடவிப் புடைப்பைத் தேடினாள்.

"நீயும் இடிச்சுக்கிட்டியா பெரியம்மா?"

"ஆமாடி."

"அப்ப தூங்கு" என்றாள். "தூங்கினா ஒண்ணும் ஆகாது."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.