எதிரி ஜெயிக்க வேண்டும்

நாச்சியார் பொறியியல் கல்லூரியின் பெண்கள் கால்பந்து அணித் தலைவி பூர்ணிமாவுக்கு அந்தக் கடைசி வருஷத்தில் ஒரே ஒரு வேலைதான் பாக்கி இருந்தது. தெக்லா கல்லூரியைத் தோற்கடிக்க வேண்டும். படிப்பு, பிராஜெக்ட், கேம்பஸ் இன்டர்வியூ எல்லாம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்காக அவள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்ததில்லை. தெக்லாவுக்காகக் கிடந்திருக்கிறாள்.

இரண்டு கல்லூரிகளும் ஒரகடத்தில் ஒரே சாலையின் இரண்டு பக்கம். கிழக்கே நாச்சியார், மேற்கே செயின்ட் தெக்லா. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், சாலைகள் பிரிகிற கூட்ரோட்டில் யார் முதலில் திரும்புவது என்று இரண்டு கல்லூரி பஸ்களும் முறைத்துக்கொண்டு நின்று, பக்கக் கண்ணாடிகள் உரசி உடைந்து, பின்னால் ஷிப்டு முடிந்து வந்த கம்பெனி பஸ்கள் எல்லாம் ஹாரன் அடித்து ஊரைக் கூட்டிவிட்டன. அதே வாரத்தில் இரண்டு கல்லூரிப் பெண்களுக்கும் கால்பந்து மேட்ச் இருந்தது. ஜெயிக்கிற கல்லூரியின் பஸ்கள் அடுத்த மேட்ச் வரைக்கும் முன்னால் போகட்டும், தோற்ற கல்லூரி நின்று வழி விடட்டும் என்று டிரைவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள். எந்த நிர்வாகமும் கையெழுத்துப் போடாத சட்டம். ஆனாலும் இந்த ஒன்பது வருஷத்தில் ஒருவரும் அதை மீறியதில்லை. கல்லூரிக்குள் அட்டெண்டன்ஸ் சட்டத்தைக்கூட அப்படி யாரும் மதித்தது கிடையாது.

போன வருஷம் மேட்ச் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது நாச்சியாருக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. அடித்தவள் பூர்ணிமா. பிடித்தவள் தெக்லாவின் கீப்பர் மதிவதனி. ஒரு கோல் வித்தியாசத்தில் தோல்வி. அன்றிலிருந்து நாச்சியாரின் ஆறு பஸ்களும் தினமும் கூட்ரோட்டில் ஓரங்கட்டி நிற்கின்றன. தெக்லாவின் ஐந்து பஸ்களும் திரும்பி முடிப்பதற்குள் இடையிடையே கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் நுழைந்துகொள்ளும். கால் மணி நேரம் போய்விடும். தெக்லா பஸ்ஸின் பின்பக்க ஜன்னலிலிருந்து பெண்கள் டாட்டா காட்டிக்கொண்டே போவார்கள். பூர்ணிமா பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொள்வாள்.

முதல் பஸ்ஸை ஓட்டுகிறவர் சின்னப்பையன். பேர்தான் அப்படி; வயது ஐம்பத்து நாலு, தலையில் கறுப்பு முடியை எண்ணிவிடலாம். அவர் ஒரு நாளும் அவளைக் குறை சொன்னதில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் அவளை ஒரு தடவை பார்ப்பார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றும்.

இந்த வருஷம் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடலாம் என்று அவள் காத்திருந்தபோதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. கல்லூரிகள் பெருகிவிட்டதால் விளையாட்டு மண்டலங்களை, அதாவது சோன்களை, திருத்தி அமைக்கிறார்களாம். யாரோ ஒரு புண்ணியவான் வரைபடத்தில் ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்திருக்கிறார். அந்தக் கோடு நேராக வந்து ஒரகடம் சாலையில் படுத்துக்கொண்டது. சாலைக்குக் கிழக்கே இருந்த நாச்சியார் பழையபடி நாலாவது சோன். மேற்கே இருந்த தெக்லா ஒன்பதாவது சோன். இனிமேல் தெக்லா பெண்கள் ராணிப்பேட்டைப் பக்கம் போய் ஆட வேண்டும். நாச்சியார் பெண்கள் செங்கல்பட்டுப் பக்கம். எதிர்வாசலில் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் ஆட முடியாது.

இதன் முழு அர்த்தமும் முதலில் உறைத்தது சின்னப்பையனுக்குத்தான். கூட்ரோட்டில் நின்றிருந்தபோது திரும்பிப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“ஏம்மா பூர்ணி, மேட்ச் இல்லன்னா போன வருஷம் ஆனதே தான நிக்கும்? அப்ப நான் ரிட்டயர்டு ஆவற வரைக்கும் அவுங்களுக்கு வழி வுட்டுகினே கெடக்கணுமா?”

பூர்ணிமாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. அடுத்த மேட்ச் வரைக்கும் என்பதுதானே சட்டம். அடுத்த மேட்சே இல்லையென்றால்? அவள் படிப்பு முடித்துப் போன பிறகும், பேர் தெரியாத ஜூனியர் பெண்கள் அவள் விட்ட ஒரு பெனால்ட்டிக்காக அங்கே நின்றுகொண்டிருப்பார்கள். அவமானம் அவளோடு முடியாது. ரோஷம் தாங்காமல் அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

மறுநாள் காலையில் விளையாட்டு ஆசிரியர் வனமாமலையிடம் போய் நின்றாள். நாங்குநேரிக்காரர். ஒரு நட்பு ஆட்டமாவது வைத்துக்கொள்ளலாமே சார் என்று கெஞ்சினாள். அவர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு யோசித்தார்.

“சீசன்ல வெளி மேட்ச் ஆடுனா டீமையே தூக்கிருவாவ பிள்ளே. எனக்கு மட்டும் ஆசை இல்லன்னா நெனைக்க?” என்றார்.

அதோடு விடுகிற ஆளா அவள்? மத்தியானம் சாலையைத் தாண்டி தெக்லா வாசலில் இருந்த ஜூஸ் கடைக்குப் போனாள். மதிவதனி அங்கேதான் இருந்தாள். வடக்குப்பட்டுப் பெண். ஒல்லியாக, நெடுநெடுவென்று, கையை நீட்டினால் பாதி கோல் போஸ்ட்டை அடைத்துவிடுவாள். எதிரி என்பதற்காகப் பேசிக்கொள்ளாமல் இருந்தவர்கள் இல்லை; ஆனால் வலியப் போய் நின்றது அதுதான் முதல் தடவை. சுற்றறிக்கை பற்றி ஏதாவது செய்ய முடியுமா என்று பூர்ணிமா இழுத்தாள்.

“ஜெயிச்சது நாங்க. எங்களுக்கு இன்னா அவசரம்?” என்றாள் மதிவதனி.

பூர்ணிமா முகம் சிவந்து திரும்பி நடந்தாள். பத்தடி போயிருக்க மாட்டாள், பின்னாலிருந்து செருப்புச் சத்தம். மதிவதனி தன் போனை அவள் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். அதில் இன்டர்-சோன் அட்டவணை இருந்தது. சோன்களில் ஜெயித்தவர்கள் மோதுகிற போட்டி அது. முதல் ரவுண்டில் நாலாவது சோன் சாம்பியனும் ஒன்பதாவது சோன் சாம்பியனும் மோத வேண்டும் என்று போட்டிருந்தது.

“நைட்டெல்லாம் இத்தத் தேடிகினு இருந்தேன்” என்றாள் மதிவதனி. “நீ உன் சோன ஜெயி. நான் என் சோன ஜெயிக்கிறேன். ரெண்டு பேர்ல ஒருத்தி வழியில வுழுந்தாலும் மேட்ச் கெடையாது.”

இப்படியாக, நாச்சியார் கல்லூரி தன் பரம எதிரியின் வெற்றிக்காக உயிரை விட்ட அந்த மூன்று வாரம் ஆரம்பமானது. நாச்சியார் பெண்கள் காலையில் தங்கள் மேட்சை ஆடிவிட்டு, கால் கழுவுவதற்கு முன்னால் தெக்லா ஸ்கோரைத்தான் கேட்டார்கள். தெக்லா மூன்று கோல் போட்டது என்று தெரிந்த நாளில் நாச்சியார் பஸ்ஸில் கேசரி கொடுத்தார்கள். பூர்ணிமா வல்லக்கோட்டை முருகனிடம் போய், தெக்லா ஜெயிக்க வேண்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற டிஃபன்டர் காஞ்சனா, போன வருஷம் இதே இடத்தில் நின்று அவர்கள் தோற்க வேண்டும் என்று வேண்டியதை சாமி மறந்திருக்க மாட்டார் என்று சந்தேகம் கிளப்பினாள்.

நாச்சியார் தன் பங்குக்கு வெளுத்து வாங்கியது. ஐந்து மேட்சில் பதினான்கு கோல். அதில் ஆறு பூர்ணிமாவுடையது. நாலாவது சோன் கோப்பையைக் கையில் கொடுத்தபோது அவள் அதை வாங்கி அப்படியே காஞ்சனாவிடம் தள்ளிவிட்டு, வனமாமலையிடம் தெக்லாவின் ஃபைனல் எப்போது, எங்கே என்று கேட்டாள். சனிக்கிழமை, வாலாஜாபாத்துக்கு அப்பால் ஒரு கல்லூரி மைதானம்.

இந்த இடத்தில் பூர்ணிமாவின் ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். போன வருஷம் அவள் விட்ட பெனால்ட்டியை யாரோ போனில் படம் பிடித்திருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு வினாடியை அவள் எத்தனையோ நூறு தடவை பார்த்திருக்கிறாள். புண்ணைச் சொறிகிற மாதிரிதான் முதலில் பார்த்தாள். அப்புறம் ஒரு நாள் ஒன்று கண்ணில் பட்டது. பந்தை உதைப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே மதிவதனியின் இடது முட்டி மடிகிறது. மடிந்ததும் வலப்பக்கம் பாய்கிறாள். வலது முட்டி மடிந்தால் இடப்பக்கம். தெக்லாவின் பழைய மேட்ச் வீடியோக்களை எல்லாம் தேடிப் பார்த்தாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. முட்டியைப் பார்த்துவிட்டு மறுபக்கம் உருட்டினால் போதும், கோல். இதை அவள் காஞ்சனாவிடம்கூடச் சொல்லவில்லை. வருஷம் முழுக்கப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

சனிக்கிழமை வெயில் உச்சியைப் பிளந்தது. நாச்சியார் பெண்கள் எட்டுப் பேரும் சின்னப்பையனும் பஸ் பிடித்துப் போய் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த கயிற்றோரம் நின்றார்கள். சின்னப்பையன் வரும்போதே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: வருகிறேன், பார்க்கிறேன், ஆனால் தெக்லாவுக்குக் கை மட்டும் தட்ட மாட்டேன், என் கை அதுக்கு ஒத்துக்காது. சொன்னபடியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தெக்லா ஒரு கோல் போட்டபோது கட்டிய கை அப்படியே இருந்தது. கால் மட்டும் மண்ணில் தாளம் போட்டது.

ஃபைனலில் தெக்லாவை எதிர்த்து ஆடிய ராணிப்பேட்டை அணி லேசுப்பட்டதில்லை. கடைசி ஐந்து நிமிஷத்தில் அவர்களும் ஒரு கோல் திருப்பிவிட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரத்திலும் எதுவும் நடக்கவில்லை. டை-பிரேக்கர். அணிக்கு ஐந்து பெனால்ட்டி. பூர்ணிமா நின்றிருந்த பக்கத்து கோலுக்கே அடிப்பதாக நடுவர் முடிவு செய்தார்.

ராணிப்பேட்டை முதலில் அடித்தது. மதிவதனியின் இடது முட்டி மடிந்தது; வலப்பக்கம் பாய்ந்தாள்; பந்து இடப்பக்கம் உருண்டு போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பெண் ஓடி வந்து, உதைப்பதற்கு முன் ஒரு கணம் தயங்கி, கீழே மதிவதனியின் காலைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்ததும் பூர்ணிமாவுக்குப் புரிந்துவிட்டது. இவர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்றாவதும் கோல். தெக்லா மூன்று அடித்ததில் ஒன்று கம்பத்தில் பட்டுப் போய்விட்டது. மூன்றுக்கு இரண்டு.

ராணிப்பேட்டையின் நாலாவது பெண் பந்தை எடுத்துக்கொண்டு நடந்து வந்தாள். மதிவதனி கோலுக்குத் திரும்பி வந்தாள். பூர்ணிமாவுக்கும் அவளுக்கும் நடுவில் வலையும் நாலடி தூரமும்தான்.

வாயைத் திறந்தால் ஒரு வருஷமாகக் காத்த ஆயுதம் போச்சு. அடுத்த வாரம் இதே மதிவதனிக்கு எதிராக வெறுங்கையோடு நிற்க வேண்டும். திறக்காவிட்டால் அந்த அடுத்த வாரமே இல்லை. வீட்டுக்குப் போய் அந்த வீடியோவை ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் காஞ்சனா எதையோ கத்திக்கொண்டிருந்தாள். ஒன்றும் காதில் விழவில்லை. பூர்ணிமா கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

“மதி, உன் முட்டி முன்னாடியே மடியுதுடி. அதப் பாத்துதான் அடிக்கிறாளுங்க. மடிக்காத. அவ ஒதைக்கிற வரைக்கும் ஆடாம நில்லு.”

மதிவதனி திரும்பவில்லை. கேட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. கையுறையை ஒரு தரம் இறுக்கிக்கொண்டு கோட்டில் நின்றாள். ராணிப்பேட்டைப் பெண் ஓடி வந்தாள், தயங்கினாள், காலைப் பார்த்தாள். முட்டி மடியவில்லை. அந்தப் பெண் தடுமாறி நேராக உதைத்தாள். மதிவதனி பந்தை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

தெக்லாவின் நாலாவது உள்ளே போனது. மூன்றுக்கு மூன்று. ராணிப்பேட்டையின் ஐந்தாவது பெண் காலைப் பார்க்காமல் பலமாக வலது மூலைக்கு அடித்தாள். மதிவதனி பொறுத்திருந்து பாய்ந்து விரல் நுனியால் தள்ளிவிட்டாள். தெக்லாவின் ஐந்தாவது வலையில் விழுந்தபோது மைதானமே இரண்டுபட்டது. நாச்சியார் பெண்கள் கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியது சின்னப்பையன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டு, தெக்லா தெக்லா என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார். தாம் யார், எந்தக் கல்லூரி பஸ்ஸை ஓட்டுகிறோம் என்பதெல்லாம் அவருக்கு அப்போது நினைவில் இல்லை.

பூர்ணிமா மட்டும் கயிற்றோரத்திலேயே நின்றாள். தோழிகளின் பிடியிலிருந்து திமிறிக்கொண்டு மதிவதனி அவளிடம் வந்தாள். முகமெல்லாம் புழுதியும் வியர்வையும். மூச்சு வாங்கியது.

“இது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“போன வருஷத்துலேர்ந்து.”

மதிவதனியின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதைக் கையுறையாலேயே துடைத்துக்கொண்டாள்.

“லூசாடி நீ? அடுத்த சனிக்கெழம என்னாண்ட தான அடிக்கப் போற. இனிமே இன்னா பண்ணுவ?”

“தெரியல” என்றாள் பூர்ணிமா. “ஆனா நீ இல்லாத கோலுல அடிச்சி நான் இன்னா பண்றது?”

மதிவதனி தன் கையுறையைக் கழற்றிவிட்டு, ஈரக்கையால் அவள் கையைப் பிடித்து வலிக்கிற அளவுக்கு ஒரு அழுத்து அழுத்தினாள். காலை ஒன்பது மணிக்கு மேட்ச், லேட்டா வந்துடாத என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் கூட்டத்துக்குள் போய்விட்டாள். பூர்ணிமா அப்போதே மனசுக்குள் பெனால்ட்டி அடிக்க ஓடத் தொடங்கியிருந்தாள். இடது பக்கமா, வலது பக்கமா, மேலேயா, கீழேயா, எங்கே அடித்தாலும் இவள் பிடித்துவிடுவாள். அவளுக்குப் பயமாக இருந்தது. சனிக்கிழமைக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறதே என்று ஆத்திரமாகவும் வந்தது.