நாலு பேர் அறை

…ஆணியில் தொங்குவது அவளுடைய பட்டம்தான், பானுப்பிரியா, வேதியியல், முதல் வகுப்பு, கண்ணாடிச் சட்டம் போட்டு பட்டாசு ஆலை முதலாளி சீனிவாசகத்தின் நாற்காலிக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், சந்தனப் பொட்டு வைக்காததுதான் பாக்கி. கீழே மேசையில் பதிவேடு விரிந்து கிடக்கிறது. "கையெழுத்தப் போட்டுரு தாயி, நாலு மணிக்கு ஆபீசர் வாராக" என்று மேலாளர் மாரீஸ்வரன் பேனாவைக்கூடத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார், ஒவ்வொரு அறைக்கும் நேரே 'நாலு பேர்' என்று அவரே எழுதியாயிற்று, நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம், ஏழாம் அறையில் காலையில் அவளே எண்ணிப் பார்த்தாள், ஆறு பேர், ஆறாவது ஆளாகச் சுவரோரம் குந்தி வெடிக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தது அவளைப் பெற்ற குருவம்மாள். ஆபீசர் ஜீப் சத்தம் கேட்டால் அறைக்கு இரண்டு பேர் பின்பக்கக் கருவேலங்காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள், ஜீப் போனதும் சேலையில் ஒட்டிய முள்ளைத் தட்டிவிட்டுத் திரும்புவார்கள், தீபாவளி சீசன், லோடு ஏற வேண்டும், யாரும் யாரையும் கேட்பதில்லை… ஆனால் அம்மாவா, பழைய கம்பெனியில் அஞ்சாவது ஆளாக உட்காரச் சொன்னதற்கே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தவளா?

படிச்சா மருந்து ரூமுக்குள்ள போக வேண்டாம் என்றார்கள், சரிதான், அவள் போகவில்லை, காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களைப் பற்றிய பொய்க் கணக்குக்குக் கையெழுத்துப் போடுவதற்குப் படித்திருக்கிறாள், இதற்கா அந்த முதல் வகுப்பு, தூ. முதலாளி மகள் ஆர்த்தியும் அதே கல்லூரி, அதே பெஞ்சு, இவளுடைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியே தேறினாள், அதே பட்டம், அதை ஏன் எந்த ஆணியிலும் மாட்டவில்லை? மூன்று மாதமாகக் கௌரவம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள், கூறுகெட்டவள். போன சித்திரையில் பக்கத்து ஆலை வெடித்தபோது போலீஸ் ஜீப்பில் ஏற்றியது யாரை, முதலாளி தலைமறைவு என்று பேப்பரில் ஒரு வரி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவன்தான் முதல் நாளே உள்ளே போனான், அதுதான் சங்கதி, அவர்களுக்கு வேண்டியது படித்த மூளை இல்லை, படித்த கழுத்து. பதிவேட்டை மூடாமலே எழுந்தாள், வெயிலில் விறுவிறுவென்று நடந்து ஏழாம் அறை வாசலில் நின்றாள்.

"அம்மா, வெளிய வா. வீட்டுக்குப் போ."

குருவம்மாள் அலுமினியப் பொடி படிந்த முகத்தோடு வந்து நின்றாள். என்ன, ஏது என்று கேட்டாள், ஆறு பேர் உட்காரக் கூடாது என்றதும் சிரித்தாள். "பழைய கம்பெனின்னா நானே எந்திரிச்சுப் போயிருப்பேன்ல. இங்கன நீ கையெழுத்துப் போடுற ரூமு, பிள்ள. தப்பா இருந்தா நீ போடுவியா? மத்தவளுக அம்புட்டுப் பேருகிட்டயும் நாந்தான் சொன்னேன், பயப்படாம உக்காருங்கன்னு."

பானுப்பிரியா மேசைக்குத் திரும்பி வந்தாள். பேனா திறந்தபடி கிடந்தது. மூன்று மாதம், நாள் தவறாமல், ஒவ்வொரு பக்கத்திலும் அழகான கையெழுத்து… சீனிவாசகத்தைத் திட்ட வாயில் திரண்டிருந்த வார்த்தையெல்லாம் எங்கே போயிற்று, அந்த ஆறாவது இடத்தில் அம்மாவை உட்கார வைத்தது அவரா என்ன…